நான் சொன்ன ஆயில்

துவாக்குடியில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். பஸ், லாரி, கல்குவாரி இயந்திரம் என்று எங்கெங்கோ ஓடிக் கறுத்துப்போன இன்ஜின் ஆயில் சிறு பாட்டில்களில் எங்களிடம் வரும். அதில் எவ்வளவு இரும்பு இருக்கிறது, எவ்வளவு செம்பு, எவ்வளவு தூசி என்று பார்த்துச் சொல்வேன். ரத்தப் பரிசோதனைத் தாளை டாக்டர் பார்ப்பதுபோல என் தாளைப் பார்த்து, இந்த இன்ஜின் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று வண்டிக்காரர்கள் முடிவு செய்வார்கள். இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததைத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகச் சமாதானம் தேட வேண்டாம்.

என் அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். தில்லை நகரில் டைல்ஸும் குளியலறைச் சாமான்களும் விற்கும் ஷோரூம் வைத்திருக்கிறார். நான் மனைவி, மகளோடு ஸ்ரீரங்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறேன். எங்கள் இருவருக்கும் இடையில் சண்டை என்று எதுவும் நடந்ததில்லை. அவர் பேசுவார், நான் சிரிப்பேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். என் கல்யாண மேடையில் எல்லோருக்கும் கேட்கும்படி, "பொண்ணுக்கு மூக்கடைப்பு இருக்கான்னு விசாரிச்சீங்களா? இருந்தா நல்லது. இவன் மேல எப்பவும் எண்ணெ நாத்தம்" என்றார். மாலையும் கழுத்துமாக நின்றபடி அதற்கும் சிரித்தேன். போட்டோவில் அந்தச் சிரிப்பு நன்றாகவே விழுந்திருக்கிறது.

அவருக்கு நாற்பத்தெட்டு வயதில் கார்ப் பைத்தியம் பிடித்தது. பெங்களூரில் ஒருவர் இரண்டு வருடம் ஓட்டிய ஜெர்மன் காரை வாங்கி வந்தார். சாம்பல் நிறம், தாழ்ந்த உடம்பு, டர்போ இன்ஜின். கம்பெனி கொடுத்த வேகம் போதாதென்று கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், இன்ஜினின் கம்ப்யூட்டரில் ப்ரோக்ராமை மாற்றிக்கொண்டு வந்தார். ரீமேப் என்பார்கள். அதற்குப் பிறகு ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் பின்சீட்டில் இருப்பவர் தலை பின்னால் மோதும். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவரைப்போல நான்கைந்து பேர் தங்கள் கார்களை எடுத்துக்கொண்டு சென்னை ரோட்டில் பாடாலூர் வரை பறப்பார்கள், இட்லி சாப்பிடுவார்கள், திரும்புவார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். திருச்சி முழுவதும் நூற்றுக்கு மேல் கார்க்காரர்கள் அதில் இருந்தார்கள். நடத்தியது அண்ணன்.

என் மகளுக்கு சமயபுரத்தில் காது குத்து வைத்திருந்தோம். அண்ணன் தானாகவே காரைக் கொண்டுவந்தார். அவர் அப்படித்தான், உதவியெல்லாம் செய்வார். அன்று விடிந்ததும் லேபில் ஓர் அவசர வேலை வந்துவிட்டதால், நான் துவாக்குடிக்குப் போய் முடித்துக்கொடுத்துவிட்டு, அங்கேயே கை கால் கழுவி, புது வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முன்சீட்டில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் மனைவியும் மகளும். நான் கதவைத் திறந்ததும் அண்ணன், "டேய், இரு" என்று இறங்கினார். டிக்கியிலிருந்து பழைய செய்தித்தாளை எடுத்து வந்து என் இடத்தில் விரித்தார்.

"லெதர்டா. எண்ணெ பட்டா போகாது. இது மேல உக்காரு."

"இது புது வேட்டிண்ணே. கைய கழுவிட்டுத்தான் வந்தேன்."

"உன் கைய எனக்குத் தெரியும். உக்காரு, நேரமாச்சு."

உட்கார்ந்தேன். கார் கிளம்பியதும் என் மகள் தாளைத் தடவிப் பார்த்து, "அப்பா மட்டும் ஏன் பேப்பர்ல உக்காந்திருக்காங்க?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அண்ணன் கண்ணாடியில் பார்த்தபடி, "உங்கப்பா எண்ணெச் சட்டிடா செல்லம். தொட்டா பிசுக்குன்னு ஒட்டிக்கும்" என்றார். மாமனார் சிரித்தார். மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கோயிலில் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். குழந்தை வீறிட்டு அழுதாள். சமாதானப்படுத்த நான் கையை நீட்டியபோது, உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "அப்பா வேணாம், பிசுக்கு" என்றாள். அவள் சொன்னது விளையாட்டாக இல்லை. அழுகைக்கு நடுவில், நிஜமாக நம்பிச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் குழந்தையின் பேச்சை ரசித்தார்கள். அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு வளையல் கடைப் பக்கம் போனார்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கத்திவிட்டு விட்டிருப்பேன். உள்ளே ஏதோ ஒன்று ஆறிக் கெட்டியானது, அவ்வளவுதான். அது எதற்கென்று எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

பாலக்கரையில் ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட ஷெட்டில் ஒரு மெக்கானிக் இருந்தார். எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள். ஷார்ஜாவில் பதினெட்டு வருடம் பெரிய கார்களின் சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயது இருக்கும். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளாமல் எல்லா வேலையையும் தானே செய்வார். ஆயில் ஊற்றுவதற்கு முன் கேனின் வாயைச் சுத்தமான துணியால் ஒருமுறை துடைப்பார். அந்த ஒரு பழக்கத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். கம்பெனி ஷோரூமை நம்பாத அண்ணன், காரை அவரிடம்தான் விட்டார்.

ஆயில் மாற்ற வேண்டிய நாள் வந்தபோது அண்ணன் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கையில் அவரே வாங்கிய புதுக் கேன். பாய் அதை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"சார், இது ஜீரோ டபிள்யூ ட்வென்டி. இந்த வண்டிக்கு இது வேணாம்."

"ஏன்? லேட்டஸ்ட் ஆயில் பாய் இது. சன்னமா இருக்குறதால இன்ஜின் லேசா சுத்தும். பிக்கப் ஏறும். எங்க குரூப்புல ரெண்டு பேரு போட்டிருக்காங்க."

"அவங்க வண்டிய அந்த ஆயிலுக்குன்னே செஞ்சிருப்பாங்க சார். உங்க வண்டி புக்குல ஃபைவ் டபிள்யூ ஃபார்ட்டின்னு போட்டிருக்கு. பின்னாடி இருக்குற நம்பர் சூட்டுல ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்றது. இருபதுன்னா தண்ணி மாதிரி ஆயிடும். நாப்பதுன்னா தாங்கும். நீங்க ரீமேப் வேற பண்ணியிருக்கீங்க. நம்ம ஊரு வெயில்ல, நீங்க ஓட்டுற ஓட்டத்துக்கு, பேரிங்குக்கு நடுவுல இருபது ஆயில் நிக்காது. புக்குல கம்பெனி ஒரு அப்ரூவல் நம்பர் குடுத்திருக்கான். அந்த நம்பர் கேன்ல இருக்கணும். இதுல இல்ல, பாருங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இன்னும் ஒன்றை நான் சேர்த்துச் சொல்லியிருக்க முடியும். அந்த மாதிரி இன்ஜினை விரட்டி ஓட்டினால் எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கி, ஏற்கனவே சன்னமான ஆயிலை இன்னும் சன்னமாக்கும். நல்ல நாற்பது ஆயிலை ஊற்றி, கம்பெனி சொன்ன கெடுவில் பாதியிலேயே மாற்றிவிட வேண்டும். என்னிடம் வரும் எந்த வண்டிக்காரருக்கும் கேட்காமலே இதைச் சொல்வேன்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ என்னடா சொல்ற? எண்ணெதான உன் பொழப்பு."

முப்பது வருடத்தில் முதல்முறையாக அவர் என்னிடம் ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் கேட்டார். பாயும் என்னைப் பார்த்தார். தனக்கு ஆள் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

"இருபதே போடலாம்ணே" என்றேன். "இப்பல்லாம் அதுதான் போடுறாங்க."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நீங்களா சொல்றீங்க?"

"ஆமா பாய். ஆயில் டெக்னாலஜி எவ்வளவோ மாறிடுச்சு. நீங்க பாத்த காலம் வேற."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டிய தேவையே இல்லை. வாயில் வந்தது, சொன்னேன். பாய் "சரி, படிச்சவங்க சொல்றீங்க" என்று சொல்லி, கேனின் வாயைத் துடைத்து, ஆயிலை ஊற்றினார். திரும்பும் வழியில் அண்ணன் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "பரவாயில்லடா, உனக்கும் ஏதோ தெரியுது" என்றார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ரேஸ் ஓட்டுகிறவர்கள் ஆயிலை எடுத்துப் பரிசோதிப்பார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டு, அண்ணன் ஒரு பாட்டிலில் ஆயில் எடுத்து அனுப்பினார். ஓசியில் பார்த்துக் கொடுக்கச் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாதபோது அதைச் சோதித்தேன். நான் நினைத்ததைவிட மோசம். பெட்ரோல் கலந்து ஆயில் தண்ணீர் மாதிரி ஆகியிருந்தது. செம்பும் வெள்ளீயமும் இருக்கக் கூடாத அளவில் இருந்தன. இரண்டும் பேரிங்கிலிருந்து தேய்ந்து வருபவை. வேறொருவருடைய வண்டியாக இருந்தால் உடனே போன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட்டே பண்ணாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஆயிலை மாற்றி, பேரிங்கை மட்டும் புதிதாகப் போட்டிருந்தால் அந்த இன்ஜின் பிழைத்திருக்கும்.

பாட்டிலைக் கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே பொன் பொடி தூவியதுபோல மினுங்கியது. அழகாக இருந்தது.

அண்ணனுக்கு போன் செய்தேன். "எல்லாம் நார்மல்ணே."

"சொன்னேன்ல? அந்த பாய் சும்மா பயமுறுத்துனான்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. காரில் ஏதோ சத்தம் வருவதுபோல இருக்கிறது, கூட வந்து கேட்டுச் சொல் என்று காலை ஆறு மணிக்கே என்னை ஏற்றிக்கொண்டார். மற்ற கார்கள் முன்னால் போய்விட்டன. நாங்கள் பாடாலூர் வரை போய், மற்றவர்களோடு இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சமயபுரம் டோல்கேட் தாண்டியதும் அந்தச் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. யாரோ உள்ளேயிருந்து விரல் முட்டியால் தட்டுவதுபோல, டொக் டொக் டொக். வேகம் கூடினால் தட்டலும் கூடியது. பேரிங் போய்விட்டது, இனி நிமிடக் கணக்குதான் என்று தெரிந்தது.

"கேக்குதாடா?"

"ரோடு சத்தம்ணே. மிதிச்சுப் பாருங்க, சத்தம் போயிடும்."

அவர் மிதித்தார். கொள்ளிடம் பாலத்தின் மேல் ஏறும்போது அடியில் குண்டு வெடித்ததுபோல ஒரு சத்தம். இன்ஜினுக்குள்ளிருந்து இரும்புத் தண்டு ஒன்று பக்கச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சூடான ஆயில் சைலன்சரில் பட்டு, முன்கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை. கார் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்தின் ஓரச் சுவரில் உரசி நின்றது. பின்னால் வந்த அரசு பஸ் ஒரு சாண் இடைவெளியில் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது. நாங்கள் இருவரும் அங்கேயே செத்திருக்கலாம். அதைப் பற்றி நான் அதுவரை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் இறங்கி, பானெட்டில் கையை வைத்துச் சுட்டுக்கொண்டார். கீழே ரோட்டில் ஆயில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்துவிட்டார். "என் வண்டிடா... என் வண்டிடா" என்று குழந்தைபோல அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்பா செத்தபோதுகூட அவர் அழவில்லை. நான் குனிந்து தோளைத் தட்டிக்கொடுத்தேன். அப்போது எனக்குள் இருந்தது சந்தோஷம். அதற்கு வேறு பெயர் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை. அவருடைய பேன்ட்டின் பின்புறம் முழுவதும் கறுப்பு ஆயில் ஊறியிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இது இரண்டு அண்ணன் தம்பிகளின் கதை. எழுத வேண்டியிருந்திருக்காது.

காரை இழுத்துக்கொண்டு போன இடத்தில் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவர், "ஆயில்லதான் ஏதோ பிரச்சனை" என்று சொன்னார். அண்ணனுக்கு அந்த ஒரு சொல் போதும். மறுநாள் காலையில் குரூப்பைச் சேர்ந்த நான்கு பேரோடும் என்னோடும் பாலக்கரைச் சந்துக்குள் நுழைந்தார். பாய் ஒரு காரின் அடியில் படுத்திருந்தார். அண்ணன் அவர் காலைத் தன் ஷூவால் தட்டினார்.

"வெளிய வாய்யா. என்ன ஆயில ஊத்துன?"

பாய் வெளியே வந்து எழுந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது, "யாருக்கும் அடி கிடி படலையே சார்?" என்றுதான்.

"அதெல்லாம் அப்புறம். நான் குடுத்த ஆயில வித்துட்டு டிரம் ஆயில ஊத்திட்டல்ல?"

"அது வேணாம்னு அன்னைக்கே சொன்னேன். ஆனா அல்லா மேல ஆணையா நீங்க கொண்டாந்ததத்தான் ஊத்துனேன். நீங்களும் தம்பியும் கண்ணு முன்னாடி நின்னீங்க. கேன்கூட எடுத்து வச்சிருக்கேன், இருங்க" என்று உள்ளே போய்க் காலிக் கேனைக் கொண்டுவந்தார்.

"கேன் இருக்கு. உள்ள என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? நாங்க வர்றதுக்கு முன்னாடியே இதே மாதிரி வேற கேன ரெடி பண்ணி வச்சிருப்ப" என்றார் கூட வந்த ஒருவர். அண்ணன் பாயின் சட்டைக் காலரைப் பிடித்தார். சந்தில் ஆட்கள் கூடினார்கள். எதிர் வீட்டு மாடியிலிருந்து பெண்கள் பார்த்தார்கள். பாய் காலரைப் பிடித்த கையைத் தட்டிவிடவில்லை. என்னைப் பார்த்தார்.

"சார், ஒன்னு செய்யுங்க. உங்க தம்பி லேப்லதான் இருக்காரு. வண்டில மிச்சம் இருக்குற ஆயில அவரே எடுத்துட்டுப் போய்ப் பாக்கட்டும். அவரு என்ன சொன்னாலும் நான் ஒத்துக்குறேன். அவருக்கு எல்லாம் தெரியும்."

அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் நான். அதை அவர் சரியாகக் கண்டுபிடித்து என்னிடமே வந்தார்.

ஆயிலை எடுத்து வந்து சோதித்தேன். கேனில் எழுதியிருந்த அதே ஆயில்தான், கலப்படம் எதுவும் இல்லை. பெட்ரோல் கலந்ததால் நீர்த்துப்போயிருந்தது. இதை அப்படியே எழுதினால் பாய் தப்பிப்பார். ஆனால் அண்ணனோடு இருந்தவர்களில் ஒருவர் இன்ஜினியர். பெட்ரோல் இவ்வளவு கலந்திருந்தால் மூன்று வாரம் முன்னால் நீ பார்த்தபோது ஏன் தெரியவில்லை என்று கேட்பார். இந்த ஆயிலை ஊற்றச் சொன்னது யார் என்று அடுத்துக் கேட்பார். பாய் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நான் மாட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

பெட்ரோல் அளவைக் காட்டும் வரியை விட்டுவிட்டேன். கீழே ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன்: மாதிரியின் பாகுத்தன்மை, கேனில் குறிப்பிட்ட தரத்துக்குப் பொருந்தவில்லை. அது பொய் இல்லை. நீர்த்துப்போன ஆயில் எப்படிப் பொருந்தும்? அந்த வாக்கியத்தை எழுத ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். லேபின் சீலை வைத்தேன்.

தாளை பாய் இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். ஆங்கிலத்தில் இருந்ததால் மெதுவாக, உதடு அசையப் படித்தார். பிறகு என்னிடம், "நல்லா பாத்தீங்களா தம்பி?" என்றார்.

"பாத்தேன் பாய்."

ஒத்துக்கொள்கிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டதால் ஒத்துக்கொண்டார். அண்ணனுக்கு அது போதவில்லை. "கைய கூப்பி மன்னிப்புக் கேளு" என்று போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். விரலிடுக்கில் இருந்த கறுப்பு போகும்வரை துடைத்தார். பிறகு கூப்பினார்.

"என்கிட்ட வேலைக்கு விட்ட வண்டி கெட்டுப்போச்சு. மன்னிச்சிருங்க சார்."

"ஆயில மாத்துனேன்னு சொல்லு."

"அத நான் செய்யல சார். வண்டி கெட்டதுக்கு மன்னிப்புக் கேக்குறேன்."

அந்த இரண்டாவது வரியை வெட்டிவிட்டு, முதல் வரியை மட்டும் அண்ணன் குரூப்பில் போட்டார். கூடவே என் தாளின் போட்டோ. அன்று மாலைக்குள் அது எந்தெந்தக் குரூப்புக்கெல்லாமோ போய்விட்டது. திருடன் என்று எழுதினார்கள். அவருடைய மதத்தைச் சேர்த்தும் எழுதினார்கள். அதற்கு அண்ணன் ஒரு கைதட்டல் பொம்மை போட்டிருந்தார். என் மனைவிக்கும் யாரோ அனுப்பியிருந்தார்கள். அடுப்படியில் நின்றபடி பார்த்துவிட்டு, "பாவங்க, அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்தா திருடுனவரு மாதிரியா இருக்கு? நீங்கதான் டெஸ்ட் பண்ணீங்களாமே, நெஜமாவா?" என்று கேட்டாள். சாம்பாரில் உப்பு குறைவாக இருக்கிறது என்று சொன்னேன்.

பாயின் ஷெட்டுக்கு வரும் வண்டிகள் குறைந்தன. வருகிறவர்களும், ஆயில் ஊற்றும்போது பக்கத்தில் நின்று போனில் படம் பிடித்தார்களாம். நான்கு மாதத்தில் ஷெட்டைக் காலி செய்துவிட்டார். அவருடைய கருவிகளை ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

எனக்குத் தூக்கம் கெட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி எதுவும் இல்லை. நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் லேபில் ஒவ்வொரு தாளிலும் கடைசி வாக்கியம் எழுதும்போது கை ஒரு கணம் நிற்க ஆரம்பித்தது. அது நின்றுகொண்டே இருந்தது. எட்டு மாதம் கழித்து ஒரு மதியம் தில்லை நகர் ஷோரூமுக்குப் போய் அண்ணன் முன்னால் உட்கார்ந்தேன். வெளியே அவருடைய புது எலெக்ட்ரிக் கார் நின்றது. ஆயிலே தேவைப்படாத வண்டி என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பாய் மேல தப்பில்ல. அந்த ஆயில் ஒத்துக்காதுன்னு எனக்கு முதல்லயே தெரியும். வேணும்னுதான் போடச் சொன்னேன். நார்மல்னு சொன்னதும் பொய். பாலத்துக்கு முன்னாடி சத்தம் கேட்டப்ப மிதிக்கச் சொன்னதும் வேணும்னுதான். அந்த ரிப்போர்ட்டும் அப்படித்தான்."

அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைய வேண்டும் என்று விரும்பினேன். அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீயா? நீ என் வண்டிய உடைச்சியா? டேய், உனக்கு அதுக்கெல்லாம் தில்லு ஏதுடா?"

"நெஜமாத்தான் சொல்றேன்ணே. சமயபுரத்துக்குப் போனப்ப பேப்பர் போட்டு உக்கார வச்சீங்களே..."

"என்ன பேப்பரு?"

அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. ஷோரூமில் வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டு, "இங்க பாரும்மா, என் தம்பி பெரிய வில்லனாம்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த பாய் வந்து உங்கிட்ட அழுதானா? பரிதாபப்பட்டுப் பழிய உன் தலைல ஏத்திக்கிறியா? அந்தளவுக்கு நல்லவனா இருக்காதடா, பொழைக்க மாட்ட" என்றார். வீடியோவை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "பழைய குப்பை, யாரு பாக்குறா" என்று ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் பாயைத் தேடிப் போனேன். வயலூர் ரோட்டில் கார் கழுவும் இடமொன்றில் வேலை செய்கிறார் என்று சொன்னார்கள். முட்டி வரை மடித்துவிட்ட பேன்ட், ரப்பர் செருப்பு, கையில் தண்ணீர்க் குழாய். என்னைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினார். "வாங்க தம்பி. வண்டி எதாவது கழுவணுமா?" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆயில், பாட்டில், பாலம், தாள். ஈரமான கார் ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த ரிப்போர்ட்ட என் மருமகன்கிட்ட காட்டுனேன்" என்றார். "அவரு மஸ்கட்ல இந்த லைன்லதான் இருக்காரு. பெட்ரோல் கலந்த கணக்கு இதுல இல்லையே, ஏன் விட்டாங்கன்னு கேட்டாரு. மறந்திருப்பாங்கன்னு சொன்னேன். இவ்வளவு தெரிஞ்சவரு அத மறப்பாரான்னு அவரு கேட்டாரு. நான் அவரத்தான் திட்டுனேன்."

"மன்னிச்சிருங்க பாய்."

"இப்ப வந்து சொல்றீங்க. சொல்லிட்டு வீட்டுக்குப் போயி நிம்மதியா இருப்பீங்க. அத நான் எதுக்குக் குடுக்கணும் தம்பி?"

அவர் குழாயைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தார்.

"சரி, மன்னிப்ப விடுங்க. எழுதிக் குடுப்பீங்களா? முன்னாடி குடுத்த மாதிரியே, லேப் சீலு வச்சு. பாய் ஊத்துனது சரியான கேன்தான், ரிப்போர்ட்ல ஒரு வரிய நான்தான் விட்டேன்னு. என் பொண்ணு வீட்டுல அந்த வீடியோவ எல்லாரும் பாத்திருக்காங்க. மருமகன் வெளிநாட்டுல இருக்காரு. அவங்க வீட்டுல மத்தவங்க என் பொண்ணப் பேசுறாங்க. அவங்ககிட்ட காட்ட ஒரு பேப்பர் வேணும். எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

சீல் வைத்துக் கொடுத்தால் வேலை போய்விடும். இத்தனை வருட வேலை. மகளின் ஸ்கூல், வீட்டு வாடகை, வேறு எந்த லேபும் என்னை உள்ளே விடாது. இதையெல்லாம் நான் அந்த இடத்தில், அவர் முகத்துக்கு நேராக நின்று யோசித்தேன். நான் யோசிப்பதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வாரம் டைம் குடுங்க பாய்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். குழாயை எடுத்துக்கொண்டு, "தள்ளி நில்லுங்க தம்பி, மேல தண்ணி படும்" என்று சொல்லிவிட்டு அடுத்த காரைக் கழுவ ஆரம்பித்தார்.

அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான் இன்னும் துவாக்குடியில் அதே வேலையில் இருக்கிறேன். வயலூர் ரோடு வழியாகப் போக வேண்டியிருந்தால் உறையூர் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறேன்.